தூக்கம் குறைந்த ஆறு மாசம்

ஒன்பது நாள் நான் சாகப்போகிறவளாக இருந்தேன். அது எப்படி இருந்தது என்று மலையில் கொழுந்து எடுக்கும்போது கேட்கிறார்கள், பூசை முடிந்து வெளியே வரும்போது கேட்கிறார்கள், ஏலப்பாறை பஸ்சில் ஏறினால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பக்கத்து சீட்டிலிருந்து கேட்கிறார்கள். ஒருத்தியிடம் சுருக்கமாகச் சொன்னால் அடுத்தவளிடம் அது வேறு நோயாகிப் போய்ச் சேர்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்ததற்கு இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் உபயோகம்.

என் பெயர் ஸ்டெல்லா. வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருஷமாக மலையாளச் சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியம், அதே தோட்டத்தில் செடிக்கு மருந்தடிக்கிறவர். வீட்டிலேயே ஆரோக்கியத்தை வைத்துக்கொண்டு நோயில் விழுந்தவள் என்று பங்குச் சாமியார் வரைக்கும் கேலி பண்ணியாயிற்று, இனி யாரும் புதிதாகப் பண்ண வேண்டாம். ஒரே மகள் பிரின்சி, பி.காம். முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். நாங்கள் இருப்பது லயத்தில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளி வீடுகள். எங்கள் லயத்தில் பத்து வீடு. பின்வாசலைத் திறந்தால் மலை.

போன வருஷம் ஆடி மழையில் தோட்டத்தின் மேல் டிவிஷனில் உருள் பொட்டியது. மலை நாள்கணக்கில் தண்ணீரைக் குடித்துக் குடித்து, ஒரு நேரத்தில் தாங்காமல் மண்ணும் பாறையும் மரமுமாக இடிந்து ஓடி வருவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். அங்கே ஒரு லயத்தின் கடைசி வீடு போனது. அதற்குள் இருந்த பாக்கியமும் போனாள். பதினாலு வருஷம் எனக்குப் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்தவள். அடக்கத்துக்கு வந்த எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "தூக்கத்துலயே போயிட்டா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பயங்கரமான வார்த்தை உலகத்தில் கிடையாது. தெரியாமல் போவதா? ஒரு நிமிஷம் முன்னால் தெரிந்திருந்தால் வெளியே ஓடியிருப்பாளே. அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவள்தான், கண்ணை மூடினால் யாரோ என்மேல் மண்ணைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

முதலில் மழை பெய்கிற ராத்திரிகளில் மட்டும் முழித்திருந்தேன். லயத்துக்குப் பின்னால் ஒரு ஓடை இருக்கிறது. ஓடைச் சத்தம் திடீரென்று குறைந்தாலோ, தண்ணீர் சேறாக வந்தாலோ மேலே மண் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், உடனே வெளியேற வேண்டும் என்று பஞ்சாயத்தில் இருந்து வந்தவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் ஜீப்பில் ஏறிப் போய்ப் படுத்துத் தூங்கினார்கள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தேன். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு தினமும் முழிப்பு என்று ஆனது. அப்புறம் மழை நின்றது, முழிப்பு நிற்கவில்லை. விடியக்காலம் இரண்டு மணி நேரம் கண் அசந்தால் அதிகம்.

ஆரோக்கியம் ஒருநாள் புரண்டு படுத்து, "படு புள்ள. நீ முழிச்சிருந்தா மல விழாதா?" என்றார்.

"விழுந்தா ஒங்கள எழுப்பவாச்சும் ஒரு ஆளு வேணும்ல?" என்றேன். பதிலுக்குக் குறட்டைதான் வந்தது.

உடம்பு அந்தக் கடனை முதலில் சில்லறையாகத்தான் கேட்டது. வாய்ப்புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. சளி பிடித்தால் மாசக்கணக்கில் நின்றது. மாசியில் இடுப்பைச் சுற்றி அக்கி கொப்பளித்து, பாவாடை நாடாகூடக் கட்ட முடியாமல் ஒரு வாரம் கிடந்தேன். பங்குனியில் காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரி கம்பவுண்டர் மாத்திரை கொடுத்தார், விட்டது. பத்து நாளில் திரும்ப வந்தது. மூன்றாவது தடவை இருமலோடு வந்தபோது மூச்சு இழுக்கையில் வலது விலாவில் குத்தியது. கம்பவுண்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இது என் கையில நிக்காது. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார். மறுநாள் முதல் பஸ்சில் இறங்கினோம்.

பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யில் காத்திருப்பது தனி வேலை. டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம். சுற்றி எல்லாரும் மலையாளம். எனக்கு மலையாளம் கடைக்கும் பஸ்சுக்கும் போதுமான அளவு வரும். ஆரோக்கியத்துக்கு அதுவும் வராது. அதனால் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒவ்வொரு வாக்கியமாகக் கட்டி வைத்துக்கொண்டேன். காய்ச்சல் மண்டைக்குள் கொதிக்கும்போது வாக்கியம் கட்டுவது சும்மா இல்லை.

உள்ளே ஒரு சின்ன வயசு டாக்டர். நல்ல பிள்ளை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல், இருமல், விலா வலி எல்லாம் சொன்னேன். வேறு என்ன என்று கேட்டார். கட்டி வைத்திருந்த வாக்கியத்தை எடுத்து விட்டேன். தமிழ்ச் சொல்லுக்கு மலையாள வால்.

"தூக்கம் குறஞ்ஞு போயி, டாக்டரே. ஆறு மாசமாயி."

அவருடைய பேனா நின்றது. "எத்ர குறஞ்ஞு?"

முன்பு ஏழு மணி நேரம், இப்போது இரண்டு. கணக்குப் போட்டு, "அஞ்சு" என்றேன்.

அவர் எழுந்து வந்து என் கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவினார். வலது காதுக்குக் கீழே ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு நெறி கட்டியிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. அவர் கேட்ட அடுத்த கேள்விகள் எல்லாம் வேறு மாதிரி இருந்தன. ராத்திரி வியர்க்கிறதா, பசி எப்படி, குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் இருந்ததா? கடைசிக் கேள்வி மட்டும் ஆரோக்கியத்துக்குப் புரிந்தது. உலகத்தில் எந்தப் பாஷையிலும் அந்தச் சொல் ஒன்றுதான். அவர் என் தோளைப் பிடித்தார். அன்றைக்கே வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் பரிசோதனைகள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் ஒரு வெள்ளை நிழல். நிமோனியாவாக, அதாவது நுரையீரலில் சளியும் நீரும் கட்டிய தொற்றாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்றார்கள். கபத்தை மூன்று நாள் காலையில் டப்பாவில் துப்பச் சொல்லி வாங்கினார்கள், அது டி.பி.யா என்று பார்க்க. ரத்தம் எத்தனை குழாய் போனது என்று எனக்கு நினைவில்லை. பிறகு சி.டி. ஸ்கேன். பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து உள்ளே தள்ளுகிறார்கள், ஒரு குரல் மூச்சைப் பிடி என்கிறது, விடு என்கிறது. வலி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வளையத்துக்குள் தலை போனதும் எனக்குப் பாக்கியம் ஞாபகம் வந்து கையைக் காலை உதறிவிட்டேன். நர்ஸ் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். ரெண்டாவது தடவைதான் படம் சரியாக வந்தது.

மூன்றாம் நாள் பிரின்சி வந்தாள். வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய பைலை எடுத்து இங்கிலீஷில் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

"அம்மா, ஆறு மாசத்துல அஞ்சு கிலோ எட கொறஞ்சிருக்குன்னு போட்டிருக்கு."

எனக்கு ஒரே ஆச்சரியம். நான் சொல்லவே இல்லை, எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பெரிய ஆஸ்பத்திரி அல்லவா, மெஷின் சொல்லியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்பிடி மெலிஞ்சு போயிருக்கியே. போன்ல ஒரு வார்த்த சொல்லலியேம்மா," என்று அழுதாள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அஞ்சு கிலோ என்று காகிதத்தில் ஏறிய அந்த நிமிஷத்திலிருந்து எல்லாருக்கும் நான் மெலிந்து தெரிந்தேன். ஆரோக்கியம் என் முழங்கையைப் பிடித்துப் பார்த்து, எலும்பாகிவிட்டது என்றார். ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் என் கன்னத்தைத் தடவி உச்சுக்கொட்டினார்கள். நானும் விடவில்லை. வளையல் மணிக்கட்டில் இறங்குவதை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். ஜாக்கெட் தொளதொள என்று இருந்தது. அந்த ஜாக்கெட் வாங்கின நாளிலேயே தொளதொளதான் என்பது மறந்தே போனது.

நாலாம் நாள் பெரிய டாக்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட அம்மா. பிரின்சியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசினார். அவள் உள்ளே வந்து சொல்ல மாட்டேன் என்றாள். நான் விடாமல் கேட்டு வாங்கினேன். மூன்றில் ஒன்றாக இருக்கலாம். சாதாரண நிமோனியா, அல்லது டி.பி., அல்லது நெறியில் வருகிற புற்று. விட்டு விட்டு வரும் காய்ச்சல், கழுத்தில் நெறி, காரணமில்லாமல் ஐந்து கிலோ எடைக்குறைவு, மூன்றும் சேர்ந்திருப்பதால் மூன்றாவதை ஒதுக்க முடியவில்லை. மறுநாள் கழுத்து நெறியில் ஊசி குத்தி உள்ளிருந்து துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாலு நாள்.

அந்த நாலு நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆரோக்கியம் காலையில் கேண்டீனில் கஞ்சி வாங்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டினார். கல்யாணமான நாளிலிருந்து தனக்கே சோறு போட்டுச் சாப்பிடாத மனுஷன். என் தலையைச் சீவிப் பின்னலும் போட்டார். அது பின்னல் இல்லை, கயிறு முறுக்கல். அவிழ்க்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

நான் பிரின்சியிடம் ரேஷன் கார்டு எங்கே, பி.எஃப். காகிதம் எங்கே என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். ஆரோக்கியத்திடம் மட்டும் மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, மழைல யாரு முழிச்சிருப்பா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. சாவைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்து, "அப்பிடிச் சொல்லாத புள்ள" என்றார்.

"சாவறதப் பத்தி இல்லங்க. நீங்க படுத்தா பொணம் மாதிரி. மகளும் லீவுக்கு வருவா. யாராச்சும் முழிச்சிருக்கணும்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாசமாக நான் பைத்தியக்காரத்தனமாக டார்ச்சைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்றுதான் நினைத்திருக்கிறார். அவருக்காகவும்தான் முழித்திருந்தேன் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வர அரைமணி நேரம் ஆனது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

ஏழாம் நாள் காலை ரவுண்ட்ஸ். பெரிய டாக்டரோடு அந்தச் சின்ன டாக்டரும் ரெண்டு நர்ஸ்களும். டாக்டரம்மா பைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடைக் கணக்கில் ஏதோ இடித்தது போலிருக்கிறது. என்னிடம் நேராகவே கேட்டார்.

"சேச்சி, இப்போள் தூக்கம் எத்ரயுண்டு?"

"ரெண்டு," என்றேன்.

"ரெண்டோ?"

"மழையுள்ள நாளு அதும் இல்லா."

ஒரு நர்ஸ் பைலால் முகத்தை மறைத்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. சின்ன டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மெதுவாக, "ரெண்டு எந்தா? கிலோயோ?" என்றார்.

"கிலோ இல்ல டாக்டரே. மணிக்கூர்."

தூக்கம் என்றால் மலையாளத்தில் எடை. நாம் தூங்குகிறதை அவர்கள் உறக்கம் என்பார்கள். எங்கம்மா திருநெல்வேலிப் பக்கத்தவள், சாகிற வரைக்கும் ஒறக்கம் என்றுதான் சொன்னாள், நாங்கள்தான் பட்டிக்காட்டுப் பேச்சு என்று கேலி பண்ணி விட்டுவிட்டோம். அதுகூடப் பரவாயில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சாயங்காலம் கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டும்போது எங்கள் மலையாளி சூப்பர்வைசர், தூக்கம் பார்க்கட்டும், தள்ளி நில் என்பதைத்தான் தினமும் சொல்கிறார். தினமும் கேட்டுக்கொண்டு தள்ளி நின்ற சொல், ஆஸ்பத்திரியில் வாய் திறந்தபோது என் காதில் ஏறவில்லை.

டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கவில்லை. ஆரோக்கியம் கம்பவுண்டருக்குப் போன் போட்டார். போன வருஷம் தோட்டத்து மெடிக்கல் செக்கப்பில் என் எடை நாற்பத்தி மூன்று. நர்ஸ் என்னை மெஷினில் ஏற்றினாள். நாற்பத்தி இரண்டரை. ஒரு வாரக் காய்ச்சலுக்கு அரைக்கிலோ. நான் மெலியவே இல்லை. பிரின்சி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தால் விலா குத்தியது, அழுகையாகப் போனது.

ஆனால் பயம் தீர்ந்துவிடவில்லை. கழுத்து நெறிக்கும் நுரையீரல் நிழலுக்கும் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. அவை இருந்த இடத்தில்தான் இருந்தன. சின்ன டாக்டர் மத்தியானம் தனியாக வந்து, தப்பு நடந்துபோச்சு, மன்னிக்கணும் என்று சொன்னார். எனக்கு முதலில் நாலு கேள்வி கேட்கலாம் போல இருந்தது. அவருக்கும் மூன்று நாளாகத் தூக்கமில்லாத முகம். போகட்டும் என்று விட்டேன். இன்னும் ரெண்டு நாள் அந்தச் சோதனை முடிவுக்காகக் காத்திருந்தோம். ஆரோக்கியம் செபமாலையைக் கையிலேயே சுற்றிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும் போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

ஒன்பதாம் நாள் பத்தரை மணிக்கு முடிவு வந்தது. புற்று இல்லை. டி.பி. இல்லை. காலில் புண் வந்தால் தொடையில் நெறி கட்டுமே, அதே மாதிரி நெஞ்சுத் தொற்றோடு சண்டை போட்டுக் கழுத்தில் கட்டிய நெறி. நுரையீரலில் இருப்பது நிமோனியாதான், மருந்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிரின்சி இதை மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் ஆரோக்கியம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பெரிய டாக்டர் பிரின்சியையும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லாரும் இதைத்தான் படிக்க வேண்டும். நம் ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் அணுக்கள் இருக்கின்றன. நாம் ஆழ்ந்து தூங்கும்போது அவை நெறி கட்டும் இடங்களில் கூடி, எந்தக் கிருமி வந்தது, அடுத்த தடவை அதை எப்படி அடையாளம் காண்பது என்று பாடம் படிக்கின்றன. தூங்காவிட்டால் படிப்பு நடக்காது. தடுப்பூசி போட்டால்கூட உடம்பு அதை அரைகுறையாகத்தான் பிடித்துக்கொள்ளும். முழித்துப் பயந்துகொண்டே இருந்தால், ஆபத்து நேரத்தில் சுரக்கிற ஒரு நீர் ரத்தத்தில் இறங்காமலே நிற்கும். அது நாள்கணக்கில் நின்றால் அந்த அணுக்களை அமுக்கிவிடும். சர்க்கரையும் பிரஷரும் ஏறும். எனக்குச் சர்க்கரை ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நிற்கிறதாம்.

"நிமோனியா வந்தது கிருமியால்தான். தூக்கமில்லாததுதான் காரணம் என்று நான் எழுதித் தர மாட்டேன்," என்றார். "ஆனால் வாய்ப்புண், சளி, அக்கி, காய்ச்சல் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது பாருங்கள். அந்த உடம்பு தடுக்க முடியாமல் நின்றிருக்கிறது."

பிறகு ஏன் தூங்கவில்லை என்று கேட்டார். அந்த ஒன்பது நாளில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டார். மலையைச் சொன்னேன். பாக்கியத்தைச் சொன்னேன். அடுத்த மாசம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும் என்றும் சொன்னேன். தூக்க மாத்திரை கொஞ்ச நாளைக்குத் தரலாம் என்றார்.

"வேண்டாம் டாக்டரே. மல எறங்கும்போது எந்திரிக்க முடியாத மாத்திர எனக்கு வேண்டாம்."

அவர் டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துகளுக்கு மேலே, முதல் வரியாக, தினம் ஏழு மணி நேரம் தூக்கம் என்று எழுதினார். இந்தத் தடவை உறக்கம்தானா என்று கேட்டேன். இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன், பயப்படாதே என்றார். அப்படியானால் ஒரு காப்பி மலைக்கும் கொடுங்கள் என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார். ஆனால் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தச் சீட்டிலேயே வாங்க முடியாத மருந்து அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாள் ஆரோக்கியம் ஒரு காரியம் செய்தார். அந்த முதல் வரியைப் பிரின்சியிடம் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு, பக்கத்து ஒன்பது வீட்டுக் கதவையும் தட்டினார். மழைக் காலத்தில் ராத்திரி என் மனைவி முழிக்கக்கூடாது, நான் படுத்தால் எழுந்திரிக்க மாட்டேன், ஓடையில் ஏதாவது தெரிந்தால் எங்களையும் எழுப்புங்கள் என்று கேட்கத்தான் போனார். தன் தூக்கத்தைப் பற்றி ஊரில் ஒப்புக்கொள்ள அவருக்கு எவ்வளவு கூச்சம் என்று எனக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வீட்டில் மரியபுஷ்பம் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டாளாம்: "ஏண்ணே, ஸ்டெல்லாக்காளும் தூங்கலியா? நான் மட்டுந்தான்னுல்ல நெனச்சேன்."

அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டிலும் அதே. ஒன்பது வீட்டிலும் ஒரு ஆள், ஏழு வீட்டில் பொம்பளைகள், ரெண்டு வீட்டில் ஆம்பளைகள், பாக்கியம் போன நாளிலிருந்து ராத்திரி முழித்திருக்கிறார்கள். பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடுவார்களோ என்று விளக்கைப் போடாமல், இருமலை அடக்கிக்கொண்டு, அவரவர் இருட்டில் அவரவர் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் ஒரு செங்கல் சுவர். ஒரு ஆள் பார்க்க வேண்டிய வேலையைப் பத்துப் பேர் பார்த்து, பத்துப் பேரும் நோயாளி. அந்த ஆறு மாசத்தில் லயத்தில் எத்தனை காய்ச்சல், எத்தனை பிரஷர் மாத்திரை என்று எண்ணிப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் எங்கள் எல்லார்மேலும்தான்.

அன்று சாயங்காலமே காலண்டர் தாளின் பின்பக்கம் முறை எழுதினோம். ஒரு ராத்திரிக்கு ஒரு வீடு. டார்ச், குடை, தட்டுவதற்கு ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும். முறைக்காரர் முழித்திருப்பார், மற்ற ஒன்பது வீடும் தூங்க வேண்டும். முறைக்காரர் மறுநாள் பகலில் தூங்க வேண்டும். ரெட் அலர்ட் என்று அறிவித்தால் முறையெல்லாம் கிடையாது, மொத்த லயமும் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போய்விட வேண்டும். வேறு இடத்தில் வீடு கேட்டு மனுவும் கொடுத்திருக்கிறோம். அது இன்னும் ஏதோ மேஜையில் படுத்துத் தூங்குகிறது, அதை எழுப்பவும் ஆள் போட்டிருக்கிறோம்.

சொல்வது எளிது. முதல் மழை ராத்திரி, முழித்திருந்த ரெண்டு ஆம்பளைகளில் ஒருவனான தங்கராசுவின் முறை. நான் மூன்று தடவை எழுந்து போய் அவன் முழித்திருக்கிறானா என்று பார்த்தேன். மூன்றாவது தடவை அவன் குடையை மடக்கிக்கொண்டு, "அக்கா, நீங்களே வந்து வந்து பாத்தா நான் எதுக்கு? வீட்டுக்குப் போறேன்" என்றான். வெட்கமாகப் போய்விட்டது. படுத்தேன். தூக்கம் வரவில்லை, ஆனால் எழுந்து போகவில்லை. ஒரு வாரம் அப்படியே போனது. எட்டாம் நாள் காலை ஆரோக்கியம் என்னை உலுக்கி எழுப்பினார். வேலைக்கு மணி அடித்துவிட்டது. முற்றமெல்லாம் தண்ணீர். ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கிறது, நான் ஒரு சொட்டுக்கூடக் கேட்கவில்லை. பயத்தில் ஓடிப்போய்ப் பின்வாசலைத் திறந்து மலையைப் பார்த்தேன். அப்புறம் அழுகை வந்தது, நல்ல அழுகை.

ஆடி மாசம் செக்கப்புக்குப் போனபோது நுரையீரல் சுத்தம், நெறி கரைந்துவிட்டது. பத்து நாளுக்கு ஒரு ராத்திரி நானும் முழிக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அது எங்கள் நைட் ட்யூட்டி மாதிரி, மறுநாள் தூங்கினால் சரி என்றார்.

அந்த வாரமே எங்கள் வீட்டு முறை வந்தது. அதுவரை போலத் தானே இருக்கிறேன் என்றார் ஆரோக்கியம், நான் சம்மதிக்கவில்லை. குடையும் தட்டும் எடுத்துக்கொண்டு லயத்தின் நடுவில் உட்கார்ந்தேன். நல்ல மழை. பன்னிரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் விட்டபோது, சுவர்களுக்குப் பின்னால் இருந்து சத்தம் கேட்டது. மரியபுஷ்பத்தின் குறட்டை ஆம்பளைக் குறட்டை. தங்கராசு சீழ்க்கை மாதிரி விடுகிறான். எங்கள் வீட்டுக்காரர் எல்லாருக்கும் மேலே. ஒன்பது வீட்டுக்கு வெளியேயும் போய் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாரும் தூங்கினார்கள், குழந்தைகள்கூடப் புரளவில்லை. எனக்குப் பயமாக இல்லை. விடிகிற வரைக்கும் அவர்கள் தூங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், யாரையும் எழுப்ப வேண்டி வரவில்லை.